சீனி வருத்தத்தோடு நடையும் வயல் வேலையும்: சீனி இறங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு முழு வழிகாட்டி

கிளினிக்கில் எல்லோருக்கும் ஒரே வசனம்தான். "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடவுங்கோ." அதைக் கேட்டுவிட்டு வெளியே வருகிறவர்களில் சிலர் அன்று விடியவே இரண்டு ஏக்கருக்குத் தண்ணி கட்டிவிட்டு வந்தவர்கள். சிலர் வாசலில் நின்ற ஓட்டோவில் ஏறி, வீட்டுப் படலை வரைக்கும் கால் நிலத்தில் படாமல் போகிறவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே அறிவுரை.

எனக்குச் சலரோகம், அதாவது சீனி வருத்தம், வந்து பதினான்கு வருடம். முதலில் குளிசை, இப்போது இரண்டு வேளையும் இன்சுலின் ஊசி. கிளிநொச்சியில் அக்கராயன் பக்கம் கொஞ்ச வயல், வீட்டோடு கொஞ்ச மரக்கறி. நான் டொக்டர் இல்லை. ஆனால் உடம்பை அசைத்ததால் சீனி இறங்கி விழுந்தவன், விழாமல் இருக்கவும் பழகியவன். இங்கே எழுதுவதை உங்கள் டொக்டர் சொன்னதோடு ஒத்துப் பாருங்கள். எங்காவது முரண்பட்டால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். வன்னியில் ஆபத்து பெரும்பாலும் காலை நடையில் இல்லை. நடை திட்டமிட்டது, அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும், வீடும் கிட்ட. ஆபத்து திட்டமிடாத வேலையில் இருக்கிறது. பத்து மணிக்கு முடிய வேண்டிய வேலை வரம்பு உடைந்ததால் ஒரு மணி வரை இழுபடும், சாப்பாடு பிந்தும், ஆனால் காலையில் போட்ட ஊசி தன் வேலையை நேரத்துக்குச் செய்துகொண்டே இருக்கும். "உடற்பயிற்சி" என்று நான் எழுதும் இடங்களில் மண்வெட்டி பிடிப்பது, கிணற்றில் தண்ணி அள்ளுவது, சைக்கிளில் சந்தைக்குப் போவது, கோயில் வீதியைச் சுற்றுவது எல்லாவற்றையும் சேர்த்தே வாசியுங்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

தசை வேலை செய்யத் தொடங்கியதும் முதலில் தனக்குள் இருக்கும் சர்க்கரைக் கையிருப்பை எரிக்கும். பிறகு இரத்தத்தில் ஓடும் சீனியை இழுக்கும். வேலை செய்யும் தசை இன்சுலின் இல்லாமலேகூடச் சீனியை உள்ளே எடுக்கும் என்பதுதான் இதில் முக்கியம். உடற்பயிற்சி மருந்து மாதிரி வேலை செய்வது இதனால்தான். ஈரல் தன் சேமிப்பிலிருந்து சீனியை அவிழ்த்துவிட்டு ஈடு செய்யும். சலரோகம் இல்லாதவருக்கு இந்த நேரத்தில் இன்சுலின் தானாகக் குறைந்துவிடும், கணக்குச் சரியாக இருக்கும். ஊசி போட்டவருக்கு அது குறையாது, போட்டது போட்டதுதான். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் மாதிரிக் குளிசை போட்டவருக்கும் அதே கதை. கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே விடும் குளிசைகள் அவை, நீங்கள் வயலில் நிற்கிறீர்களா கதிரையில் இருக்கிறீர்களா என்று பார்ப்பதில்லை.

மெல்லிய, நீண்ட வேலை சீனியை இறக்கும். திடீரென்று முழுப் பலத்தையும் போட்டு நெல்லு மூட்டை தூக்கினாலோ வேகமாக ஓடினாலோ கொஞ்ச நேரத்துக்குச் சீனி ஏறவும் கூடும். அட்ரீனலின் ஈரலைத் தட்டி எழுப்புவதால் வரும் ஏற்றம் அது. மூட்டை தூக்கிவிட்டுச் சோதித்து 240 என்று கண்டு பயந்து மேலதிகமாக ஊசி போட்டுவிடாதீர்கள். ஒன்று இரண்டு மணித்தியாலத்தில் அது தானாக இறங்கும், சில வேளை வேண்டிய அளவுக்கு மேலேயே இறங்கும்.

முதல் படி: கிளினிக் கொப்பியைத் திறந்து உங்கள் மருந்தைப் பாருங்கள்

மெற்போமின் மட்டும் எடுக்கிறவருக்கு நடந்ததால் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. அவர் நடைக்கு முன்னர் பயந்து பிஸ்கட் சாப்பிட வேண்டியதில்லை. சாப்பிட்டால் நடந்த பலன் பிஸ்கட்டோடு போய்விடும். சிற்றாகிளிப்டின் எடுப்பவர்களும் தனியே அதனால் விழுவது குறைவு.

கிளிக்லசைட், கிளிபென்கிளமைட், ரொல்பியூட்டமைட், கிளிமெப்பிரைட் என்று எழுதியிருந்தால் நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய பக்கம். இன்சுலின் என்றால் இன்னும் கவனம்.

எம்பாகிளிப்ளோசின், டபாகிளிப்ளோசின் சீனியைச் சிறுநீரோடு வெளியேற்றும், கூடவே தண்ணியும் போகும். சோளகம் அடிக்கும் மாதங்களில், வியர்வை வந்த உடனேயே காய்ந்துவிடும் எங்கள் வெயிலில், இதை எடுத்துக்கொண்டு தண்ணி குடிக்காமல் வேலை செய்தால் தலைசுற்றி விழலாம். பிரஷருக்கு மூத்திரம் போகும் குளிசை எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

பலர் அறியாத ஒன்று: அற்றெனோலோல், பிறப்பிரனோலோல், பைசோபிரோலோல் மாதிரி இதயத் துடிப்பைக் குறைக்கும் குளிசை எடுத்தால், சீனி இறங்கும்போது வரும் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் வரும். வெயிலில் மண்வெட்டியோடு நிற்பவருக்கு எந்த வியர்வை எதற்கு என்று எப்படித் தெரியும்? இவர்கள் உணர்வை நம்பாமல் சீனி பார்க்கும் மெசினை நம்ப வேண்டும்.

இரண்டாம் படி: நேரத்தைத் தெரிவு செய்தல்

எங்கள் கிளினிக்குகளில் நிறையப் பேருக்குக் கொடுபடுவது 30/70 கலவை இன்சுலின். காலைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் போடுவது. அதன் முப்பது பங்கு சாப்பிட்ட சாப்பாட்டைக் கவனிக்கும். எழுபது பங்கு மெல்ல எழும்பி, முற்பகல் கடைசியிலும் மத்தியானத்திலும் நல்ல பலத்தோடு நிற்கும். காலை ஆறரைக்குப் போட்டால் பதினொன்றுக்கும் இரண்டுக்கும் இடையில்தான் அது உச்சத்தில் இருக்கும். வயலில் நீங்கள் களைத்துப் போயிருப்பதும், மத்தியானச் சோறு இன்னும் வராமல் இருப்பதும் அதே நேரம். நான் விழுந்ததும் அந்த நேரத்தில்தான்.

ஆகவே முடியுமானால் பாரமான வேலையைக் காலைச் சாப்பாடு முடிந்து ஒரு மணித்தியாலம் கழித்துத் தொடங்கி, பத்தரைக்குள் முடியுங்கள். வெயிலும் அப்போதுதான் ஏறத் தொடங்கும். முடியாது, வேலை இழுபடும் என்றால் பத்தரைக்கு ஒரு சிறு சாப்பாட்டைக் கட்டாயம் ஆக்கிக்கொள்ளுங்கள். கூலிக்குப் போகிறவர்கள் இதைச் சொல்ல வெட்கப்படுவதைக் கண்டிருக்கிறேன். வயற்காரரிடம் முதல் நாளே சொல்லி வைத்தால் ஒருவரும் குறை சொல்வதில்லை.

குளிசை போட்டுவிட்டு, வெறும் பிளேன்ரீயோடு விடிய நடக்கப் போகும் பழக்கம் எங்கள் ஊரில் உண்டு. கிளிக்லசைட் எடுப்பவர் இதைச் செய்யக் கூடாது. விடிய நடக்க விருப்பமென்றால் நடந்துவிட்டு வந்து, குளிசையைப் போட்டு, உடனே சாப்பிடுங்கள்.

விரத நாள் இன்னொரு விசயம். வெள்ளி, கந்தசட்டி, கௌரி விரதம் என்று வருகிற நாட்களில் மருந்தை எப்படி மாற்றுவது என்று ஒரு கிழமைக்கு முன்னரே கேட்டு வையுங்கள். அன்றைக்கு வயலையும் நீண்ட நடையையும் விடுங்கள். அம்மாள் கோவிக்க மாட்டா.

சரி, நேரமே இல்லை என்பவர்களுக்கு: ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் வளவுக்குள் நடந்தாலே சாப்பாட்டால் ஏறும் சீனி நன்றாக அடங்கும். கிழமைக்கு 150 நிமிடம், தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்காமல் என்பதுதான் பொதுவான அளவு. அதை ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்று எங்கும் இல்லை. கூடவே கிழமைக்கு இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை: கதிரையிலிருந்து கையூன்றாமல் பத்துத் தரம் எழும்பி இருப்பது, சுவரைத் தள்ளுவது, தண்ணி நிரப்பிய ஒன்றரை லீற்றர் போத்தலைத் தூக்குவது. கிணற்றில் தண்ணி அள்ளுகிறவருக்கு இது தேவையில்லை.

மூன்றாம் படி: தொடங்க முன்னர் விரலில் ஒரு குத்து

மெசின் இருந்தால் பாருங்கள். ஸ்ட்ரிப் விலை எல்லோருக்கும் தெரியும், ஒவ்வொரு நாளும் பாருங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. புது மருந்து தொடங்கிய கிழமை, மருந்தின் அளவு மாறிய கிழமை, வழக்கமில்லாத வேலை வரும் நாள் ஆகிய மூன்றுக்கும் ஸ்ட்ரிப்பை மிச்சம் பிடித்து வையுங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குத்துங்கள். மாம்பழம் வெட்டிய கையோடு ஒருநாள் குத்தி எனக்கு 310 வந்தது. கழுவிவிட்டுப் பார்த்தால் 142.

கீழே வருவது மில்லிகிராம் கணக்கு. உங்கள் மெசின் 5.6, 8.2 என்று புள்ளியோடு காட்டினால் அதைப் பதினெட்டால் பெருக்குங்கள். எண்கள் இன்சுலினும் கிளிக்லசைட் வகையும் எடுப்பவர்களுக்கு.

70க்குக் கீழே: தொடங்க வேண்டாம். இது சீனி இறக்கம், முதலில் வைத்தியம். அதை ஆறாம் படியில் எழுதியிருக்கிறேன்.

70 முதல் 90 வரை: 15 முதல் 30 கிராம் மாப்பொருள் சாப்பிட்டு, எண் 90ஐத் தாண்டிய பிறகு தொடங்குங்கள். சின்னக் கதலிப்பழம் ஒன்று, அல்லது மாரி பிஸ்கட் மூன்று, ஏறத்தாழ 15 கிராம்.

90 முதல் 150 வரை: அரை மணித்தியாலத்துக்கு மேற்பட்ட வேலை என்றால் ஒரு சிறு கடி. வீட்டைச் சுற்றி நடப்பதற்கு ஒன்றும் தேவையில்லை.

150 முதல் 250 வரை: தொடங்கலாம்.

250க்கு மேல்: இங்கே எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலந்தான் ஆகிறது, உடம்பு நல்லாயிருக்கிறது, இரண்டாம் வகைச் சலரோகம் என்றால் தண்ணி குடித்துவிட்டு மெல்ல நடக்கலாம், இறங்கிவிடும். 300ஐத் தாண்டினால் பாரமான வேலை வேண்டாம். வாய் உலர்ந்து, அடிக்கடி மூத்திரம் போய், வயிற்றைப் பிரட்டினால், அல்லது சத்தி எடுத்தால், அது நடந்து இறக்க வேண்டிய சீனி இல்லை. ஆசுபத்திரிக்குப் போங்கள். சிறு வயதிலேயே வந்த முதலாம் வகைக்காரருக்கு 250க்கு மேல் இருந்தால் மூத்திரத்தில் கீற்றோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது வரும் அமிலப் பொருள்) பார்க்க வேண்டும். கீற்றோன் இருக்கும்போது ஓடி விளையாடினால் சீனி இறங்காது, இன்னும் ஏறும். இன்சுலின் போதாத உடம்பில் தசை பட்டினி கிடப்பதாக நினைத்து ஈரல் மேலும் மேலும் சீனியை அவிழ்க்கும். விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவரது பயிற்சி ஆசிரியருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

நேற்று யாராவது தூக்கி எழுப்ப வேண்டிய அளவுக்குச் சீனி இறங்கியிருந்தால் இன்று பாரமான வேலை வேண்டவே வேண்டாம். ஒருமுறை இறங்கிய உடம்பு, அடுத்த முறை எச்சரிக்காமல் இறங்கும்.

நான்காம் படி: ஊசியும் பையும்

தொடையில் ஊசி போட்டுவிட்டு சைக்கிள் மிதித்தால் தொடைத் தசை சூடாகி இன்சுலின் வேகமாக உறிஞ்சப்படும். வேலை நாளில் வயிற்றில் போடுங்கள். ஊசியின் அளவைக் குறைப்பது சரிதான், ஆனால் எவ்வளவு என்பதை டொக்டரிடம் கேட்டுத்தான். "வயல் நாளில் எத்தனை யூனிற் போட?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள். முதலாம் வகைக்காரர் எந்த நாளிலும் ஊசியை முழுதாக விடக் கூடாது.

குளிர்ப்பெட்டி இல்லாத வீடுகளில் இன்சுலினைப் பொலித்தீன் பையில் சுற்றி, தண்ணி ஊற்றிய மண்சட்டிக்குள் இன்னொரு சிறு சட்டியில் வைத்து நிழலில் வைப்பது நல்ல முறை. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் போட்டு வெயிலில் விட்டால் ஊசி வெறும் தண்ணியாகிவிடும். மெசினும் ஸ்ட்ரிப்பும் அப்படித்தான், வெயிலில் கிடந்த ஸ்ட்ரிப் பொய் சொல்லும்.

என் பை ஒரு பழைய பள்ளிக்கூடப் பை. உள்ளே இருப்பவை: குளுக்கோஸ் தூள் ஒரு சிறு போத்தலில், இறுக்கி மூடியது. எறும்புக்குப் பயந்து பொலித்தீனில் இரண்டு தரம் சுற்றிய பனங்கட்டி. பிஸ்கட். இரண்டு லீற்றர் தண்ணி. போன். சலரோகம் இருக்கிறது, இன்சுலின் போடுகிறவர், மயங்கினால் இந்த இலக்கத்துக்கு எடுக்கவும் என்று எழுதிய ஒரு மட்டை. இந்த மட்டையைப் பையில் வைக்காமல் சட்டைப்பையில் வைக்க வேண்டும் என்று என் மருமகன்தான் சொன்னான். கள்ளுக் குடித்துவிட்டுக் கிடக்கிறார் என்று சனம் விலகிப் போய்விடும் என்பது அவன் பயம். பயம் நியாயமானது.

ஐந்தாம் படி: வேலை நடக்கும்போது

பக்கத்தில் வருபவரோடு கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும். அதுதான் சரியான வேகம். முதல் ஐந்து நிமிடமும் கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக. தாகம் வரும் வரை காத்திராமல் கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இரண்டு மிடறு தண்ணி. இளநீரில் சீனி உண்டு, அதைத் தண்ணிக் கணக்கில் போடாதீர்கள், சாப்பாட்டுக் கணக்கில் போடுங்கள்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும் வேலை என்றால் நடுவில் ஒருமுறை சோதியுங்கள். மெசின் இல்லாவிட்டால் முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை வேலையை நிறுத்தி உட்கார்ந்து, ஊசிக்காரர் என்றால் ஒரு சின்னப் பழம் சாப்பிடுங்கள். முறிகண்டிக் கச்சான் நல்ல சாப்பாடுதான், ஆனால் அதில் கொழுப்பு அதிகம், சீனியை மெல்லத்தான் ஏற்றும். இறங்குகிற சீனியைப் பிடிக்க அது உதவாது.

நெஞ்சை அழுத்தினால், தாடைக்கோ இடது கைக்கோ நோ ஓடினால், வழக்கமில்லாமல் மூச்சு முட்டினால் நிறுத்திவிடுங்கள். சலரோகக்காரருக்கு மாரடைப்பு நெஞ்சு நோ இல்லாமலும் வரும். வெறும் களைப்பும் குளிர் வியர்வையுமாகவே வரும். சீனி சரியாக இருந்தும் அப்படி இருந்தால் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். நாற்பது வயதுக்கு மேல், வருடக்கணக்காகச் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று ஓடத் தொடங்க நினைப்பவர் முதலில் ஈசிஜி ஒன்று எடுத்துக் காட்டுவது நல்லது.

அப்புறம், இரணைமடுக் குளக்கட்டு மாதிரி நீட்டுக் கட்டில் நடப்பவர்கள் திரும்பி வரும் தூரத்தையும் எண்ணிக்கொள்ளுங்கள். கட்டின் நடுவில் சீனி இறங்கினால் இரண்டு பக்கமும் கடை இல்லை. ஒட்டுசுட்டான், மாங்குளம் பக்கத்தில் இருள் விலக முன்னர் நடப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. யானைக்கு உங்கள் கிளினிக் கொப்பி தெரியாது.

ஆறாம் படி: சீனி இறங்கினால்

அன்றைக்கு யூரியா எறிந்து முடிய பத்தே முக்கால். வீட்டுக்குப் போக வெளிக்கிட்ட நேரத்தில் பக்கத்து வரம்பு உடைந்தது. மண் வெட்டிப் போட்டு அடைத்தோம். பிறகு தண்ணி மெசினை ஸ்டார்ட் பண்ணக் கயிற்றைச் சுற்றினேன். கயிறு காடியில் இருக்கவில்லை. மீண்டும் சுற்றினேன், இருக்கவில்லை. கயிறு பிழை என்று நினைத்தேன். மருமகன் ஏதோ கேட்க, அவன்மீது காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு மண்வெட்டியைப் போட்டான்.

"மாமா, சீனி இறங்கிட்டுது போல. இருங்கோ, இதை வாயில போடுங்கோ."

"எனக்கு ஒண்டுமில்லை, நீ போய் உன்ர வேலையைப் பார்."

"சரி மாமா, ஒண்டுமில்லை. ஒண்டுமில்லாட்டியும் போடுங்கோ."

அவன் குளுக்கோஸ் போத்தலைத் திறந்து உள்ளங்கையில் கொட்டித் தந்தான். பத்து நிமிடத்தில் கயிறு சரியாக இருந்தது. பிழை என் விரலில். வீட்டில் பார்த்தபோது, குளுக்கோஸ் சாப்பிட்ட பிறகும், 74.

நடுக்கம், வியர்வை, படபடப்பு, பசி, உதடு விறைப்பு என்று கிளினிக்கில் சொல்வார்கள். அவற்றோடு கோபத்தையும் பிடிவாதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சீனி இறங்கிய மூளை தனக்குச் சீனி இறங்கவில்லை என்று வாதாடும். ஆகவே இந்தப் பகுதியை நீங்கள் வாசிப்பதோடு நிற்காமல் கூட வேலை செய்பவருக்கும் வீட்டுக்காரிக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

சந்தேகம் வந்த உடனே வேலையை நிறுத்தி இருங்கள். மூன்று தேக்கரண்டி குளுக்கோஸையோ சீனியையோ குவித்து எடுத்துத் தண்ணியில் கரைத்துக் குடியுங்கள், அது ஏறத்தாழ 15 கிராம். சீனி போட்ட சோடா என்றால் அரைக் கோப்பைக்குச் சற்றுக் கூட. பனங்கட்டி கடித்தும் சாப்பிடலாம், ஆனால் நன்றாக மென்று. பாலும் சொக்லேட்டும் வேண்டாம், கொழுப்பு இருப்பதால் தாமதிக்கும். அக்கார்போஸ் குளிசை எடுப்பவர்களுக்குச் சீனியும் பனங்கட்டியும் வேலை செய்யாது, குளுக்கோஸ் தூள் மட்டுந்தான். பதினைந்து நிமிடம் இருந்து மீண்டும் பாருங்கள். 70க்குக் கீழேயே நின்றால் இன்னொரு முறை அதே அளவு. ஏறிய பிறகு சோறோ பாணோ கொஞ்சம் சாப்பிடுங்கள். பயத்தில் அரைப் போத்தல் சோடாவும் குடித்து, பனங்கட்டியும் சாப்பிட்டு, பின்னேரம் 350 என்று நிற்பதும் நடக்கும். நானே செய்திருக்கிறேன்.

54க்குக் கீழே போனால் அது பாரதூரமானது, தனியே இருக்கக் கூடாது. விழுங்க முடியாத அளவுக்கு மயங்கினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990க்கு எடுங்கள், அல்லது கிடைத்த வாகனத்தில் கிட்டிய ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்கள். கிளிக்லசைட், கிளிபென்கிளமைட் குடித்து மயங்கியவர் எழும்பிக் கதைத்தாலும் ஆசுபத்திரிக்குப் போகத்தான் வேண்டும். அந்தக் குளிசை உடம்பில் நீண்ட நேரம் நிற்கும், சில மணித்தியாலத்துக்குப் பிறகு திரும்பவும் இறக்கும்.

ஏழாம் படி: அன்றிரவு

வேலை முடிந்ததோடு கணக்கு முடியாது. காலியான தசைகள் இரவு முழுக்கச் சீனியை இழுத்துத் தங்கள் கையிருப்பை நிரப்பும். பாரமான வேலைக்குப் பிறகு 24 மணித்தியாலம் வரைக்கும் சீனி இறங்கலாம், அதிலும் நித்திரையில். அரிவு வெட்டுக் காலத்தில் ஊசிக்காரர் படுக்க முன்னர் ஒருமுறை சோதிக்க வேண்டும். 100க்குக் கீழே இருந்தால் ஒரு பிஸ்கட்டும் பாலும் குடித்துவிட்டுப் படுங்கள். இங்கே பால் நல்லது, மெல்ல ஏற்றுவதுதான் வேண்டும். விடிய எழும்பும்போது தலையிடி, நனைந்த சாரம், கெட்ட கனவு என்றால் இரவு இறங்கியிருக்கக் கூடும். இரண்டு நாள் அப்படி நடந்தால் இரவு ஊசியைப் பற்றிக் கதைக்கும் நேரம் வந்துவிட்டது.

வேலை முடிந்து கள்ளுக்குப் போகிறவர்களுக்கு: ஈரல் மதுவை முறிப்பதில் மினக்கெட்டால் சீனியை அவிழ்த்துவிட மறந்துவிடும். வேலை, மது, வெறும் வயிறு மூன்றும் ஒரே நாளில் சேர்ந்தால் விடிய எழும்பாமலே போகலாம். குடிக்கவே வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. சாப்பிடாமல் படுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்கிறேன்.

கால்

வருடக்கணக்காகச் சீனி இருந்தவரின் பாதம் மரத்துப் போகும். போன ஆவணியில் சப்பாத்தைக் கழற்றியபோது காலுறையில் ஒரு சிவப்புப் பொட்டு. நெருஞ்சி முள் ஒன்று காலுறையையும் துளைத்துக் குதியில் நின்றது. எத்தனை மணித்தியாலமாக நின்றது என்று எனக்குத் தெரியாது. நடையில் ஒரு வித்தியாசமும் உணரவில்லை.

வெள்ளைக் காலுறை போடச் சொல்வது இதற்குத்தான், இரத்தம் தெரியும். நடைக்குப் பாட்டாச் செருப்பு வேண்டாம், மூடிய சப்பாத்து. போட முன்னர் கவிழ்த்துத் தட்டுங்கள், உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். திரும்பி வந்து கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, கண்ணாடியை நிலத்தில் வைத்து அடியைப் பாருங்கள். சேற்றில் வெறுங்காலோடு நின்றவர்கள் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெறுங்காலில் நடக்க நேர்ந்தவர்கள் மத்தியான மணலைத் தவிர்த்து, விடியவோ பொழுதுபட்டோ நடக்கப் பாருங்கள். சூடு உங்களுக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். புண் ஒன்று இரண்டு நாளில் காயவில்லை என்றால் மூன்றாம் நாள் காட்டுங்கள்.

எங்கள் ஊரில் இதை எழுதும்போது செயற்கைக் காலோடு நடப்பவர்களை விட்டுவிட்டு எழுத முடியாது. செயற்கைக் காலில் நடக்க உடம்பு கூடுதலாக உழைக்க வேண்டும், முழங்காலுக்கு மேல் இழந்தவருக்கு இன்னும் கூட. ஆகவே மற்றவரின் அரை மணித்தியாலம் உங்களுக்கு அளவில்லை. பத்து நிமிடமாகப் பிரித்து, அதற்கேற்ப சீனியையும் பாருங்கள். செயற்கைக் காலைக் கழற்றியதும் மிஞ்சிய கால் தண்டின் தோலில் சிவப்பு, கொப்புளம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மிச்சமிருக்கும் பாதம் இரட்டைப் பாரம் தாங்குகிறது, மேலே கால் பற்றிச் சொன்னதெல்லாம் அதற்கு இரட்டிப்பாகப் பொருந்தும். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் இருந்தபடியே போத்தல் தூக்கலாம், கைகளை மாற்றி மாற்றிக் குத்தலாம், பதினைந்து நிமிடத்தில் நன்றாக வியர்க்கும்.

கண்ணில் இரத்தக் கசிவு இருக்கிறது, லேசர் பிடிக்க வேண்டும் என்று சொல்லப்பட்டவர்கள் மூச்சை அடக்கிப் பாரம் தூக்கக் கூடாது, தலையைக் கீழே தொங்கவிடவும் கூடாது. நடை அவர்களுக்குப் போதும்.

அடுத்த கிளினிக்குக்கு முன்னர்

கொப்பியின் பின்பக்கத்தில் கோடு கீறிக்கொள்ளுங்கள். திகதி, என்ன வேலை, எத்தனை மணி, முன்னர் எவ்வளவு, பின்னர் எவ்வளவு, என்ன சாப்பிட்டது. ஒவ்வொரு நாளும் தேவையில்லை, மாதத்தில் ஆறு ஏழு வரி போதும். கிளினிக்கில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடந்தான். "சில வேளை தலை சுத்துது டொக்டர்" என்று சொன்னால் பிரஷர் பார்ப்பார்கள். "வயல் நாளில் பன்னிரண்டரைக்கு 60, வீட்டு நாளில் அதே நேரம் 150" என்று காட்டினால் ஊசியைப் பார்ப்பார்கள். நான் காட்டிய அன்றைக்கு அவர் இரண்டு வரியையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, மருந்து எழுதும் பக்கத்தில் காலை ஊசிக்கு இரண்டு எண் எழுதினார். ஒன்றுக்கு எதிரே "வீடு", மற்றதுக்கு எதிரே "வயல்".